ஏழாவது பாட்டில் கில்லின் குரல்

ஏழாவது பாட்டை மட்டும் எங்கள் குழுவின் பாடகன் வெண்டலால் சரியாகப் பாட முடியவில்லை.

மற்றதையெல்லாம் பாடி முடித்திருந்தான். முதல் மாத்திரை, பொய், திருட்டு, வாந்தி, மறுவாழ்வு இல்லத்தின் பச்சைச் சுவர், கடைசியில் காலைக் காப்பி மறுபடி ருசிக்கும் நாள் என்று ஒருவன் பாதாளத்துக்குப் போய்த் திரும்பும் கதையாக ஆல்பம் முழுவதையும் அவன்தான் எழுதினான். அவனுடைய சொந்தக் கதை. ஏழாவது பாட்டில் மட்டும் பேசுவது எங்கள் பழைய மேனேஜர் கில் ரேட்மேக்கர். அதைப் பாடும்போது வெண்டலின் குரலில் இரக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

"பாவம் பாத்துப் பாடுறே," என்றேன்.

"அவரும் மனுஷன்தானே லோர்னா. கோபத்தை விடணும்னுதான் மறுவாழ்வு இல்லத்துல சொல்லிக் குடுத்தாங்க."

"உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு யாரும் சொல்லித் தரல."

நான் இந்தக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறவள். என் அண்ணன் எம்மெட் லீட் கிடார் வாசித்தான். எங்கள் ஊர் டேட்டனில், வீட்டுக் கார் கொட்டகையில் நாலு பேராகத் தொடங்கியது. ஊர் ஊராகப் போகத் தொடங்கிய வருஷம், ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கும்போது எம்மெட்டுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கில் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப் போனார். சலவைக் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை, வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. வலிக்கு மாத்திரை வந்தது. பிறகு தூக்கத்துக்கு, பிறகு மேடை ஏறுவதற்கு. முதுகு வலியே இல்லாத வெண்டலும் கை நீட்டினான். கில் இருவருக்கும் வாங்கிக் கொடுத்தார்.

டொலிடோவில் ஒரு மதியம் நாங்கள் மேடையில் கம்பிகளை மாட்டிக்கொண்டிருந்தபோது, எம்மெட் மாத்திரை அளவு மிஞ்சி வேனின் பின் சீட்டில் செத்துப்போனான். நான் ஆம்புலன்சில் போனேன். கில் உள்ளூரில் இரண்டு பேரைப் பிடித்து எங்கள் இடத்தில் நிறுத்தி, அன்று மாலை நிகழ்ச்சியை நடத்தி முடித்தார்.

"அவரையே கூப்பிட்டுப் பேச வைப்போம்," என்றேன். வெண்டல் என்னையே பார்த்தான். வேண்டாம் என்றுதான் சொன்னான், ஆனால் மெல்லிய குரலில்.

கில்லுக்கு ஃபோன் செய்தேன். "அடடே, என் தங்கம்! இந்தக் கிழவனை இன்னுமா நினைப்பு இருக்கு?" என்றார். ஒரு பெட்டி டோனட்டுடன் ஸ்டூடியோவுக்கு வந்து எல்லோரையும் கட்டிப்பிடித்தார். வெண்டல் வெளியே போய்விட்டான். எங்கள் டிரம்ஸ்காரன் ஹாலிஸ் ஒலிப்பதிவு மேசை முன் உட்கார்ந்தான்.

"பாட்டு யாரைப் பத்தி?" என்று கேட்டுக்கொண்டே, குரலைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கில் கையெழுத்துப் போட்டார்.

"உங்களைப் பத்திதான் கில். எங்களை எப்படி நடத்திக் கொண்டுபோனீங்கன்னு நீங்களே சொல்லணும். அப்படியே ஆல்பத்துல வரும்."

"முன்னாடியே சொல்லியிருந்தா முடிவெட்டிட்டு வந்திருப்பேனே!"

மைக் முன்னால் உட்கார்ந்தவர் பேச்சை நிறுத்தவே இல்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, செல்லப் பெண் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"டொலிடோ ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? டிக்கெட் அத்தனையும் வித்துப்போச்சு, உங்கண்ணன் இப்படிப் பண்ணிட்டான். வேற எவனா இருந்தாலும் கடையைச் சாத்திட்டுப் போயிருப்பான். நான் சொன்ன நேரத்துக்கு மேடையில ஆள் ஏத்தினேன் பாத்தியா? அதுக்குப் பேரு தொழில்."

"அந்த மாத்திரையெல்லாம்?"

"பின்ன? பெட்ரோல் ஊத்தாம வண்டி ஓடுமா? எம்மெட் மாதிரி வண்டி கொஞ்சம் அதிகமாக் குடிக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்கும் நல்ல சிரிப்பு.

அவர் போன பிறகு ஹாலிஸ் அந்தச் சிரிப்பை வெட்டப் பார்த்தான். அவன் கையைப் பிடித்தேன். "அது இருக்கட்டும்."

ஆல்பத்தின் முதல் அரங்கேற்றம் டேட்டனிலேயே நடந்தது. எங்கள் ஊரில் மாத்திரைக்கு ஆள் கொடுக்காத தெரு கிடையாது. பிள்ளைகளின் படம் போட்ட சட்டையோடு அம்மாக்கள் வந்திருந்தார்கள். கில் புதுக் கோட்டில், மனைவி மார்லிஸோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆறாவது பாட்டு முடிந்ததும் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடம், "அடுத்தது நம்ம குரல், கேளுங்க," என்று அவர் சொல்வது மேடை வரைக்கும் கேட்டது.

எல்லா வாத்தியமும் நின்றது. என் பேஸ் மட்டும். அதன்மேல் அவர் குரல். பெட்ரோல், வண்டி, சிரிப்பு.

யாரும் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் கில்லைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பின்வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். வெண்டல் என் காதருகே வந்து, "போதும், அடுத்ததுக்குப் போ," என்றான். பதிவை ஓட்ட என் காலடியில் இருந்த பொத்தானை மறுபடி அழுத்தினேன். குரல் முதலிலிருந்து வந்தது. கில்லின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றது. இன்னொரு தடவை அழுத்தினேன்.

அவர் எழுந்தார். "கொஞ்சம் வழி விடுங்க," என்றார். அந்த வரிசையில் ஒருவரும் வழிவிட முழங்காலை ஒதுக்கவில்லை. ஒவ்வொருவர் மேலும் இடித்துக்கொண்டு, கோட்டு மாட்டிக்கொள்ள இழுத்துக்கொண்டு, கதவு வரை போனார். மார்லிஸ் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பாட்டு வரை இருந்து கேட்டாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் கில் எனக்காகக் காத்திருந்தார். "நீ கேட்டதுக்குத்தானே பதில் சொன்னேன்?" என் கார் கதவில் கை வைத்தார். "பிரியமாக் கூப்பிட்டியேம்மா."

"ஆமா. நீ பிரியமாத்தானே மாத்திரை குடுத்தே."

அதற்குப் பிறகு அவரிடம் இருந்த இளங்குழுக்கள் ஒவ்வொன்றாக விலகின. ஆபீசைக் காலி செய்தார். ஒரு நாள் ஃபோன் செய்து அழுதார். "எடுத்துடு லோர்னா. மார்லிஸ் என்னோட பேசறதே இல்ல."

"உன் வாயில வந்ததை நான் எதுக்கு எடுக்கணும்?" என்று வைத்துவிட்டேன். அன்று நன்றாகப் பசித்தது.

வெண்டலும் அதை எடுத்துவிடக் கேட்டதுதான் கஷ்டமாக இருந்தது. "அந்தச் சிரிப்பைக் கேட்டா என் நாக்குல மாத்திரை கசக்குது. கசக்கறதுகூட நல்லா இருக்கு, அதான் பயம். இது போதையிலேர்ந்து வெளிய வர்றதுக்கு எழுதின ஆல்பம் லோர்னா."

"வெளிய வந்தவன் நீ. எம்மெட் வரல."

அவன் கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அதிலிருந்து ஏழாவது பாட்டு வந்தால் மேடையை விட்டு இறங்கிவிடுவான். ஹாலிஸும் கூடவே போய்ச் சந்தில் நின்று அவனோடு பேசிக்கொண்டிருப்பான். முடிந்ததும் இருவரும் வந்து எட்டாவதைத் தொடங்குவார்கள். அந்தப் பாட்டு நேரம் முழுவதும் மேடையில் நானும் கில்லும்தான்.

டொலிடோ நிகழ்ச்சிக்குக் கிளம்பிய அன்று என் அம்மா கைப்பையோடு வந்து காரில் ஏறிக்கொண்டாள். ஆல்பத்தை அதுவரை கேட்க மாட்டேன் என்று இருந்தவள். நெடுஞ்சாலை ஏறியதும், "அந்தாள் பேசறதை மட்டும் போடு," என்றாள்.

போட்டேன். வெளியே அறுத்த சோள வயலைப் பார்த்தபடியே கேட்டாள். சிரிப்பு வந்தபோது கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"நம்ம வீட்டுக்குப் பண்டிகைக்கு வந்து, வான்கோழி இன்னொரு துண்டு வைங்கன்னு கேட்டு வாங்கித் தின்னானே, அவன்தானே?"

"ஆமாம்மா."

 அம்மா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

"ஒண்ணும் சரியாக் கேக்கல," என்றாள். "சத்தத்தைக் கூட்டு."