அம்புரோசின் ஒருசந்தி

ஏணியின் பாதியில் அம்புரோசுக்கு முழங்கால் இரண்டும் கழன்றுவிடுவதுபோல் வலித்தன. இன்னொரு படி ஏற வேண்டுமென்றால் மூச்சு வேண்டும். மூச்சு தொப்பைக்கு அடியில் எங்கோ மாட்டிக்கொண்டு மேலே வர மறுத்தது. இரும்புக் கம்பியைக் கட்டிப் பிடித்தபடி அப்படியே நின்றான். தலைக்கு மேல் கிரேனின் தகரக் கூண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தினமும் ஏறுகிற ஏணிதான். தினமும் இந்த இடத்தில் நிற்கிறவன்தான். ஆனால் இன்றைக்கு ஏணியடியில் துறைமுக டாக்டரும் அவருடைய கம்பவுண்டரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கச் சொன்னார்கள். டாக்டர் அவன் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். மூட்டை நிறுக்கும் தராசுத் தட்டில் ஏறி நிற்கச் சொன்னார். பிறகு இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கிரேனுக்குப் போய்விட்டார். கம்பவுண்டர் மட்டும் நின்று சொன்னான்.

"உங்க ஈஸ்டர் பண்டிகை முடிஞ்ச வாரம் தொரை மறுக்கா வருவாரு. அன்னிக்கும் இப்டி பாதில நின்னு மூச்சு வாங்கினே, கூண்ட வேற ஆளுக்குக் குட்த்துடுவாங்க. நீ பழையபடி கரிக்கூடைதான். சோத்தப் பாதியாக்கு. ஒடம்புக்கு வேலை குடு. ஒக்காந்துகினே துன்னா இப்டித்தான் ஊதும்."

அம்புரோஸ் கரிக்கூடையிலிருந்து வந்தவன்தான். கப்பலிலிருந்து இறங்கும் கரியைத் தலையில் சுமந்து பலகையேறிக் கிடங்கில் கொட்டுவது அவன் இளமை முழுக்கச் செய்த வேலை. மின்சாரக் கிரேன்கள் வந்தபோது, ஒரு வெள்ளைக்கார ஃபோர்மேனுக்குத் தண்ணீர் கொண்டுகொடுக்கப் போய், பார்த்துப் பார்த்தே கைப்பிடிகளைக் கற்றுக்கொண்டான். கூண்டில் உட்கார்ந்த அன்றிலிருந்து உடம்பு வேலை செய்வதை விட்டது. வாய் மட்டும் கூடைக்காரன் வாயாகவே இருந்தது.

ராயபுரத்தில் அவன் இருந்த தெருவில் அடகுக்கடைக்காரனுக்கு அடுத்தபடி தொப்பை வைத்திருந்தவன் அம்புரோஸ்தான். அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. சிலுவையம்மாளுக்கோ அது தன் கையால் கட்டிய வீடு மாதிரி. கல்யாணம் பேசும்போது அவளுடைய அப்பா சந்தியாகு, கடலில் படகு தள்ளுகிற ஆள், மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காத்தடிச்சா பறந்துடுவான், இவனுக்கா எம் பொண்ணு?" என்று நாலுபேர் முன்னால் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குத்தான் அவள் வருஷக்கணக்கில் சோற்றால் பதில் சொன்னாள். கானாங்கெளுத்திக் குழம்பு, சுறாப்புட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. சாகப் படுத்திருந்தபோது கிழவர் மருமகனின் புஜத்தைக் கிள்ளிப் பார்த்து, "பரவால்ல செலுவ, தேத்திட்ட" என்றார். அவளுக்கு அப்பன் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து அந்த ஒரு வார்த்தை.

இந்தப் பெண்ணிடம் போய் 'உன் சோறுதான் என் வேலைக்கு உலை வைக்கிறது' என்று எப்படிச் சொல்வது? மறுநாள் விபூதிப் புதன், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு தொடங்குகிற நாள். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவள் வழக்கம்போல் சோற்றைக் குவித்தாள். அவன் பாதியைச் சட்டியில் தள்ளினான்.

"போதும்மே."

அவள் தட்டைப் பார்த்தாள். அவன் நெற்றியைப் பார்த்தாள். தபசு காலத்தில் முதல் வெள்ளிக்கிழமை நோன்பைக்கூடத் தாண்டாத ஆள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஒருசந்தியாய்யா?"

அம்புரோஸ், "உம்" என்றான்.

அந்த ஒரு 'உம்'தான். ஒருவேளை மட்டும் உண்டு நோன்பிருக்கிற ஒருசந்தியை நாற்பது நாளும் விடாமல் பிடிப்பது சாமியார் மடத்து வேலை. கிரேன்காரன் பிடிக்கிறான் என்ற சேதி சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது. பக்கத்து வீட்டு ஆலிஸ் தன் புருஷனிடம், "அந்தண்ணன் கால கய்வி அந்தத் தண்ணிய குடி" என்றாள். கோயில் வாசலில் பங்குச் சாமியார் அவன் தோளில் கைவைத்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார். அம்புரோஸ் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சோற்றுக்கு வழி பிறந்துவிட்டது. உடம்புக்கு வேலை? புளியந்தோப்புப் பக்கம் ஒரு குஸ்திக் கோதா உண்டு. ஒரு விடியற்காலையில் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். எண்ணெய் பூசிய பையன்கள் தண்டால் எடுத்தார்கள், கர்லாக்கட்டை சுழற்றினார்கள். ஒருவன் ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்கினான், அதே இடத்தில் கீழே வைத்தான். மறுபடி தூக்கினான், மறுபடி அங்கேயே வைத்தான். அம்புரோசுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றைத் தூக்கினால் இன்னொரு இடத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டாமா? தூக்கிய இடத்திலேயே வைப்பதற்கு ஒரு மனிதன் ஏன் பாதாமும் பாலும் சாப்பிட வேண்டும்? அங்கிருந்து நேரே கரிக்கிடங்குக்கு நடந்தான்.

அங்கே அவனுடைய பழைய ஜோடி மாரியப்பன் இருந்தான். மாரியப்பன் பெண்டாட்டி பூவம்மா பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் கிடந்தாள். வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தால் மேஸ்திரி வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவான். அவள் எழுந்து வரும்வரை காலைச் சுமையைத் தான் சுமப்பதாக அம்புரோஸ் சொன்னான். கூலி அவளுக்கே. பெண் கூலிக்கு ஆண் தூக்கினால் மேஸ்திரிக்கு என்ன கசக்கவா போகிறது? கிரேனில் அவனுக்கு மத்தியானத்து முறை. விடியலில் பூசைக்கு என்று புறப்பட்டுப் போய், மத்தியானம் வரை கரி சுமந்து, குழாயடியில் குளித்து, வீட்டுக்கு வந்து ஒரே வேளை சாப்பிட்டுவிட்டுக் கூண்டுக்குப் போனான். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கரியை முந்தானையால் துடைத்தபடி சிலுவையம்மாள், "எத்தினி மெய்குவத்தி ஏத்துவே நீ, பொகையப் பாரு" என்றாள்.

முதல் வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உச்சந்தலையில் இருந்த பழைய காய்ப்பு கூண்டில் உட்கார்ந்து உட்கார்ந்து கரைந்துபோயிருந்தது. கூடையின் விளிம்பு பச்சைத் தோலில் உட்கார்ந்தது. பலகையில் அவனுக்கு முன்னும் பின்னும் போன பெண்கள் சும்மா விடவில்லை.

"இன்னா நைனா, துன்ன சோறு செரிக்கலியா?"

"செரிக்காத சோத்த எங்க வூட்டாண்ட அனுப்பு. நாங்க செரிக்க வெக்கிறோம்."

அவர்கள் வயிறு நிறையவில்லை என்று சுமக்கிறார்கள். அவன் நிறைந்துபோயிற்று என்று சுமக்கிறான். ஒரே பலகை, ஒரே கூடை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உடம்பு மெல்ல மெல்லப் பழசை ஞாபகப்படுத்திக்கொண்டது. பலகை வளையும்போது அதோடு சேர்ந்து முழங்காலை வளைப்பது, சுமையை மறந்துவிட்டுப் பாதத்தை மட்டும் நினைப்பது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. ஏணியில் நிற்கிற இடம் ஒவ்வொரு படியாக மேலே போயிற்று.

ஈஸ்டர் வந்தது. சிலுவையம்மாள் ஆப்பம் சுட்டாள், ஆட்டுக்கறி குழம்பு வைத்தாள். நாற்பது நாள் தவித்த வாய்க்கு என்று மூளையைத் தனியாக வறுத்தாள். அம்புரோஸ் ஒரு ஆப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் தொட்டுத் தின்றுவிட்டுக் கை கழுவப் போனான்.

அவள் கரண்டியோடு எழுந்து நின்றாள். "ஆண்டவரே எய்ந்துட்டாரு. நீ இன்னும் யாருக்குய்யா பட்னி கெடக்குறே?"

"வயிறு சரியில்லமே."

அவள் சட்டியை மூடினாள். சாயங்காலம் ஆலிஸ்தான் வந்து காதில் போட்டாள். "கோச்சுக்காதக்கா. அண்ணன கரிக்காரங்க குடிசையாண்ட பாத்தாங்களாம். யாரோ பூவம்மாவாம். வேற எடத்துல துன்றவனுக்கு வூட்டுச் சோறு எறங்குமா?"

மறுநாள் காலை, அவன் பூசைக்குப் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் சிலுவையம்மாளும் புறப்பட்டாள். நேற்றைய கறியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். எவள் வீட்டில் தின்றாலும் அங்கேயே வைத்து அவன் வாயில் அடைத்துவிட்டு வருவது என்பது அவள் முடிவு. குடிசையைத் தேடிக் கிடங்கைக் கடந்தபோது பலகையைப் பார்த்தாள். வரிசையாகப் பெண்கள். நடுவில் தலையில் கரிக்கூடையோடு, முகமெல்லாம் கரியாக, தன் புருஷன்.

தூக்குவாளியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூடையைக் கொட்டிவிட்டு அவன் ஓடி வந்தான். அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "வேலை போச்சா? எப்பய்யா போச்சு? அதுக்கா துன்னாம கெடந்தே? எங்கிட்ட சொன்னா நான் கூடை தூக்க மாட்டனா? எனக்கு மண்டை இல்லியா?"

"வேலை போவலமே. போவக் கூடாதுன்னுதான்…"

டாக்டர், தராசு, ஏணி, பூவம்மாவின் பிள்ளை எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது. அந்தப் பக்கமாகக் கூடையோடு போன மாரியப்பன், "நெஜந்தான் தங்கச்சி. என் தோஸ்து மாதிரி கூலி வாங்காத கூலிய இந்தக் கெடங்கு பாத்ததில்ல" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ நினைவு வந்து நின்றாள்.

"அப்போ அந்த ஒருசந்தி?"

"அது… டாக்டர் சொன்னது."

"ஆண்டவருக்கு இல்லியா?"

அவன் காலால் கரித்தூளைத் தேய்த்தான்.

"பாவி. எங்கப்பாருக்காகன்னு ஒப்புக்குட்த்துட்டேன்யா அத்த. நாப்பது நாளும், ஒவ்வொரு ராத்திரியும். 'ஆண்டவரே, எம் புருஷன் பட்னிய எங்கப்பாரு ஆத்துமத்துக்கு வெச்சிக்கோ'ன்னு. அந்த மனுசன் குட்ச்ச கள்ளுக்கு உத்தரிக்கிற ஸ்தலத்துல எத்தினி காலம் வேவணுமோ. இந்நேரம் மோட்சத்துல கரையேறியிருப்பாருன்னு இருந்தேன். நீ டாக்டருக்காகப் பட்னி கெடந்திருக்கே!"

"நானாமே ஒப்புக்குடுக்கச் சொன்னேன்?"

"உம்னியே!"

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பூவம்மா குடிசைக்கு வழி கேட்டுப் போனாள். பத்தியக்காரிக்கு ஆட்டுக்கறி ஆகாது என்று அங்கே தெரிந்ததும், வீட்டுக்குத் திரும்பிப் பால்சுறா வாங்கிப் பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்து, சாயங்காலம் மறுபடி நடந்தாள். வழியில் நின்ற ஆலிசைப் பார்த்து, "எம் புருஷன் துன்ற எடத்துக்குத்தான் போய்கினு கீறேன், வர்றியா?" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் வந்தார். மத்தியான முறைக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பெண்களோடு சிலுவையம்மாளும் கிடங்கு நிழலில் நின்றாள். அவள் கையில் சாப்பாடு இல்லை. அம்புரோஸ் ஏணியில் கைவைக்கப் போனபோது மட்டும் பக்கத்தில் வந்து, நழுவிய வேட்டியை இறுக்கி முடிந்துவிட்டாள்.

"நல்லா ஏறு. எறங்கி வந்தப்புறம் அடுத்த விபூதிப் புதனப் பத்திப் பேசணும்."

"இன்னாமே பேசணும்?"

"எங்கப்பாருக்கு நீ ஒருசந்தி பாக்கிய்யா. பாஸானாலும் பாக்கி, ஆவாட்டியும் பாக்கி."

கம்பவுண்டர் கையசைத்தான். அம்புரோஸ் ஏறினான். பழைய இடம் வந்தது. முழங்கால் வலித்தது, ஆனால் கழலவில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் வந்தது. கீழே டாக்டர் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். கொஞ்சம் தள்ளி அவளும் அப்படியே பார்த்தாள். அவள் பார்வை மட்டும் அவனையும் கூண்டையும் தாண்டி மேலே போயிற்று, அங்கே யாரோ காத்துக்கொண்டு நிற்பதுபோல. அவன் அடுத்த படியைப் பிடித்தான். மாமனார் சந்தியாகுவுக்கு நாற்பது நாள் ஒருசந்தி பாக்கி.