சிரிப்பைக் கண்டவர்

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேகாலை பஸ் நிலையத்தில் இரண்டு பெண்கள், சிரித்தால் விழுந்துவிடுகிற ஒருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கித்துல்கல பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் என் இட்டுக்கட்டல்.

முதல் வரியாக எழுதியது: “டொக்டர் கஜானி இருபது வருடமாக மற்றவர்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனாலேயே அவளுக்கு…” (வேண்டாம். அவளுக்குத் தூக்கம் போனதை இங்கேயே சொல்லிவிட்டால் பின்னால் கைவசம் ஒன்றும் இருக்காது. சரி, சொல்லிவிட்டேன்.)

2

கஜானி யாழ்ப்பாணத்துக்காரி, நரம்பியல் நிபுணர். தூக்கமும் அதன் கோளாறுகளும்தான் அவளுடைய ஆராய்ச்சி. ஆரம்பத்தில், நோயாளிகள் சொன்னதை அப்படியே நம்பி எழுதிய ஒரு கட்டுரையை அவள் திரும்பப் பெற வேண்டி வந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு அவளுடைய படிவங்களில் இரண்டு கட்டங்கள்: ‘சொன்னது’, ‘கண்டது’. கண்டதற்கு மட்டுமே கையெழுத்துப் போடுவாள்.

சுகந்தினி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். மரத்தடியில் நின்றபடியே தூங்கிவிடுவாள். வருகைப் பதிவு எழுதும் செக்ரோலில் அவளுக்குப் பல நாள் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். சோம்பேறி என்ற அர்த்தத்தில் “கம்மெலி” என்று சிங்களத்தில் திட்டிய தோட்டத்துத் தொரை, திங்கட்கிழமைக்குள் டொக்டர் கடிதம் வராவிட்டால் பேரையே வெட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார். பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும்.

கொழும்பில் தூக்கப் பரிசோதனைக்கு எட்டு மாதக் காத்திருப்பு. ஆனால் இப்படித் தூங்கிவிழுகிற நோய்க்கு இன்னோர் அடையாளம் உண்டு. சிரித்தால் உடம்பு தளர்ந்து சரியும். நினைவு மட்டும் தப்பாது. அதைக் கண்ணால் கண்டால் கஜானி அங்கேயே கடிதம் எழுதிவிடுவாள். அதற்காகத்தான் சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்து கேமராவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

3

“கடைசியா எப்ப சிரிச்சனீங்கள்?”

“ஆறு வருசமாச்சுங்க. தங்கச்சி கல்யாணத்துல சிரிச்சு, பாயாசச் சட்டியோட விழுந்தேன். குடிச்சிருக்கான்னு பேசிட்டாங்க. அதுலேருந்து சிரிக்கிறதில்லீங்க.”

“பிள்ளையோட?”

“அது ஏதாச்சும் சொல்லிச் சிரிக்கும். நான் செவுத்தப் பாத்துக்குவேன்.”

கஜானி அதை ‘சொன்னது’ கட்டத்தில் எழுதினாள். எழுதிவிட்டு அவளும் சுவரைப் பார்த்தாள். (நானும்தான்.)

4

இங்கே ஒரு பகிடி வேண்டும். வேடிக்கையாக எழுதுகிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். முயன்றேன்: “ஒரு தொரையும் அவருடைய நாயும் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு வந்தார்களாம்…” சுகந்தினி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். கஜானிக்கோ பகிடி சொல்லவே வராது. போனில் வேடிக்கை வீடியோக்களைக் காட்டினாள். ஆறு வருடம் இறுக்கி வைத்த வாய், திற என்றதும் திறந்துவிடுமா? நாற்பது நிமிடம் கழித்துக் கேமராவை நிறுத்தினாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ. காணாத ஒண்டை நான் எழுதேலாது.”

“பரவால்லீங்க டொக்டர். ஒங்க கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே, நீங்க தூங்குறதில்லீங்களா?”

“எனக்குத் தூக்கம் வாறேல்லை. ஆனா பகல்ல மட்டும் கண்ணயரக் கூடாது. எல்லாருக்கும் நான் சொல்லுறது அதுதான். நான் ஒருநாளும் பகல்ல…”

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நானில்லை.) தலை மேசையில் சாய்ந்தது. மெல்லிய குறட்டை கேட்டது.

சுகந்தினி பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. சத்தமே இல்லாமல் சிரித்தாள்; தோள் குலுங்கியது, தாடை தொங்கியது, கழுத்து மடிந்தது, கை மடியிலிருந்து நழுவியது. நாற்காலியில் சரிந்து கிடந்தபடி குறட்டையையும் வெளியே பால் லொறி போவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை. ஆறு வருடத்துச் சிரிப்பு ஒரே நிமிடத்தில் வந்து போனது.

5

கஜானி விழித்தபோது சுகந்தினி நேராக உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சிரிச்சேங்க டொக்டர். அப்புடியே சரிஞ்சிட்டேன்.”

“எப்ப?”

“நீங்க தூங்குறப்ப.”

கஜானி பேனாவை எடுத்து, படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு ஒன்று: ‘கண்டது’ கட்டத்தில் கையெழுத்திடுகிறாள், இருபது வருட நேர்மையில் ஒரு பொய். முடிவு இரண்டு: கையெழுத்திடவில்லை, செவ்வாய்க்கிழமை சுகந்தினி சட்டி பானையோடு… இரண்டையும் எழுதிக் கிழித்துவிட்டேன். மனசு வரவில்லை.

நான் பார்த்தேன்தான். ஆனால் இட்டுக்கட்டுகிறவன் என்று முதல் பந்தியிலேயே வாக்குமூலம் கொடுத்தவனின் சாட்சி செல்லாது. இதை வாசிக்கிற நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள். எதையும் இட்டுக்கட்டாமல், அவள் சரிந்ததைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. ‘கண்டது’ கட்டத்துக்குக் கீழே கஜானி தன் கையால் ஒரு வரி சேர்த்து, பேனாவை மூடாமல் வைத்திருக்கிறாள்.

கண்டவர் பெயர்: ……………………