ஒரு வயிற்றுக்கு இரண்டு கணக்கு

விவேக் நகரில் ஓஸ்வால்ட் சாப்பிட்டால் அவருடைய நாய் ஜிம்மிக்கு வயிறு நிறையும். ஜிம்மி தின்றால் ஓஸ்வால்ட் ஏப்பம் விடுவார். ஜிம்மி குட்டியாக வந்த நாளிலிருந்தே அப்படித்தான். வீட்டில் ஒரு வயிற்றுக்குச் சமையல் மிச்சம் என்பதற்கு மேல் அவர் மனைவி கேத்தரின் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கொரோனா அடங்கிய வருடத்துத் தவக்காலத்தில் ஓஸ்வால்ட் வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தியோடு நிறுத்தாமல் மற்ற நாட்களிலும் பாதிச் சோற்றில் எழுந்தார். ஜிம்மியும் தட்டை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நாய்கூட ஒருசந்தி இருக்கிறதாம் என்று கோவில் முழுக்கப் பேச்சு. சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். கேத்தரினுக்குப் பெருமை பிடிபடவில்லை. இருவரும் இளைத்ததைப் பக்தி என்றே நினைத்தாள், பாவம். ஈஸ்டர் அன்று மட்டன் குழம்பை இருவருமே தொடாதபோதுதான் அவள் இருவரையும் டாக்டர்களிடம் கூட்டிக்கொண்டு ஓடினாள்.

குழாய் விட்டுப் பார்த்ததில் இருவருக்கும் இரைப்பையில் ஒரே இடத்தில், ஒரே அளவில் புற்றுநோய். கால்நடை டாக்டர் ரக்ஷிதா இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நாய்ங்களுக்கு இது வர்றதே அபூர்வம் ஆன்ட்டி. வந்தா, நமக்குத் தெரியறதுக்குள்ள முத்திடும். ஆபரேஷன் பண்ணாலும் மாசக் கணக்குதான். மனுஷங்கன்னா, இந்த ஸ்டேஜ்ல வெட்டி எடுத்து கீமோ குடுத்தா வருஷக் கணக்குல இருக்கலாம்."

நாயின் கணக்குப்படி போனால் கிறிஸ்துமஸுக்கு ஓஸ்வால்ட் இருக்க மாட்டார். கேத்தரின் இரண்டு படங்களையும் வாங்கி ஒன்றாக அடுக்கினாள்.

"அப்போ ரெண்டு பேருக்கும் மனுஷக் கணக்கே இருக்கட்டும் டாக்டர்."

ஆஸ்பத்திரியில் ஓஸ்வால்டின் வயிற்றைத் திறந்து மூடியபோது, வீட்டு வாசலில் படுத்திருந்த ஜிம்மியின் வயிற்றிலும் தையல் விழுந்தது. பக்கத்து வீட்டு ஜூடித் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தாள். கீமோவில் மனிதர்களுக்குக் கொட்டுவதுபோல் நாய்களுக்கு முடி கொட்டாது என்று ரக்ஷிதா சொல்ல, முடிக்கு மட்டும் நாய்க் கணக்கு என்று கேத்தரின் தீர்மானித்தாள். ஓஸ்வால்டுக்கு ஒரு முடிகூட உதிரவில்லை. அவர் வாந்தி எடுத்த நாட்களில் அவள் ஜிம்மிக்கு ஊட்டினாள். ஜிம்மி முகம் திருப்பிய நாட்களில் அவருக்கு. யாராவது ஒருவர் விழுங்கியே ஆக வேண்டும் என்பதில் அவள் இம்மியும் இறங்கி வரவில்லை.

அதன் பிறகு வருடங்கள் ஓடின. ஜிம்மியின் வயதுத் தெருநாய்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. இந்தத் தவக்காலத்தில், உடம்புதான் தேறிவிட்டதே, ஒருசந்தி இருக்கப் போகிறேன் என்றார் ஓஸ்வால்ட். கேத்தரின் ஜிம்மியின் தட்டில் தயிர்சோற்றைப் பிசைந்து வைத்தாள். ஹாலில் ஓஸ்வால்ட் ஏப்பம் விட்டார்.