வெள்ளி வட்டம் போட்ட அட்டை

புதன்கிழமை வந்தால் பூங்குழலிக்கு வயிறு எரியும். அன்றைக்குத்தான் வேலூரிலிருந்து பாக்யலட்சுமி மேடம், இவள் தங்கை கவிப்ரியாவின் பள்ளிக்கு வருவார். பிளஸ் ஒன் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, மனசில் இருப்பதைப் பேசச் சொல்வார். கஷ்டமான நினைப்பை விரட்டக் கூடாதாம். வந்தால் வரட்டும் என்று பக்கத்தில் இடம் கொடுத்துவிட்டு, செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வேண்டுமாம். சாயங்காலம் கவி இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால், ஆம்பூர் ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த பூங்குழலி பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாள்.

அவள் மனசில் என்ன இருக்கிறது என்று பத்தொன்பது வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்பதற்கென்றே ஓர் அம்மா பஸ் ஏறி வருகிறார், அதுவும் கவிக்காக.

கம்பெனியில் அவளுக்குத் தோல் பார்க்கும் வேலை. உண்ணி கடித்த தழும்பு, முள்கம்பி கிழித்த கோடு என்று கண்ணில் படுவதையெல்லாம் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். வெட்டுகிறவர்கள் அந்த வட்டத்தை விலக்கி வெட்டுவார்கள். பக்கத்து மேஜை அன்வரி பேகத்திடம் ஒருநாள் தங்கையின் புதன்கிழமை வகுப்பைப் பற்றிப் புலம்பினாள்.

"இன்னாத்துக்குடி இவ்ளோ பேஜார் ஆவுறே? நீ வுட்டுக் குடுத்ததாலதான் அது படிக்குது. ஊருக்கே தெரியும்," என்றாள் அன்வரி.

அந்தப் பேச்சு பூங்குழலிக்குப் பிடிக்கும். அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அது. நாலு வருஷத்துக்கு முன் தோல் பதனிடும் ஷாப்பில் அப்பாவின் கை மிஷினில் நசுங்கியது. அதே வாரம் அவள் பத்தாம் வகுப்பை விட்டாள். தங்கை படிக்கட்டும் என்று தன் படிப்பைத் தியாகம் செய்துவிட்டதாக உறவெல்லாம் சொன்னது. அவள் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துவைக்க எடுத்த கவியின் பள்ளி ஓவர்கோட் பையில் ஒரு நீல அட்டை தட்டுப்பட்டது. மனசை அரிக்கிற நினைப்பை ஒரே வரியில் எழுதி, வாரம் முழுக்கப் பையில் வைத்துக்கொண்டே திரியச் சொல்லி மேடம் கொடுத்த அட்டை. நம்மைப் பற்றித்தான் ஏதாவது குறை எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே படித்தாள்.

‘அக்காவோட படிப்ப நான் புடுங்கிக்கிட்டேன்.’

முதலில் வந்தது பொறாமைதான். அழுவதற்குக்கூட இவளுக்கு என் கதைதான் கிடைத்ததா? பிறகு இன்னொரு தடவை படித்தாள். அந்த வரி உண்மை இல்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாவின் கை நசுங்குவதற்கு முந்தின நாள், வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டால் போதும். கவி அதையே இன்னொன்றில் எழுதிச் சுமப்பாள். அக்கா தியாகியாகவே இருக்கலாம். வாளிக்கு மேல் அட்டையை நீட்டியபடி வெகுநேரம் நின்றாள்.

பிறகு கம்பெனிப் பையிலிருந்து வெள்ளிப் பேனாவை எடுத்து வந்து அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டாள். அதற்குக் கீழே எழுதினாள்: ‘நான் ஸ்கூல வுட்டது பயத்துல. உன்னால இல்ல.’

கவி படித்தாள். அக்காவைக் கட்டிக்கொள்ளவில்லை.

"மூணு வாரமா எல்லார் எதுர்லயும் உக்காந்து அழுதேன். நீ பாட்டுக்குப் பாத்திரம் கழுவிக்கினு இருந்தியா?"

"அதையும் சொல்லிட்டா, என்கிட்ட வேற இன்னாடி இருக்குது?" என்றாள் பூங்குழலி.

கவி அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த இரண்டு நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதன்கிழமை காலை அவள் சொல்லாமலே பள்ளிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பூங்குழலியின் டிபன் டப்பா மேல், ரப்பர் பேண்டில் செருகி, எதுவும் எழுதாத நீல அட்டை ஒன்று இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழுதினாள். ‘கவிக்குக் கெடைக்கிறதெல்லாம் எனக்குக் கெடைச்சிருக்கணும்.’ படித்துப் பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனாலும் கிழிக்கவில்லை. ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தோலை மேஜையில் விரித்தாள். ஒவ்வொரு தழும்புக்கும் குனியும்போது அட்டையின் முனை வயிற்றில் குத்தியது.