நாற்பத்தொரு நிமிடச் சுவர்

1

இந்தக் கதை என் மனைவியின் கோபத்தில் பிறந்தது. "என் தம்பி பலகை எரிஞ்ச கதைய ஆளுக்கொரு மாதிரி சொல்லிட்டுத் திரியறாங்க. நீங்கதான் இப்ப எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்களே, நடந்தத நடந்தபடி எழுதி வைங்க" என்றாள். எழுதுகிறேன். அவள்தான் முதல் வாசகி. அடைப்புக்குறிக்குள் என் முணுமுணுப்போடு அவள் குரலும் அங்கங்கே வரும். சேர்க்காவிட்டால் சாப்பாடு கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

நான் கொத்தனார். தீச்சோதனைக் கூடத்தில் வேலை. லாரி உயரத்துக்கு ஓர் உலை இருக்கிறது. கட்டடத்துக்கு என்று யார் எந்தப் பலகை, எந்தக் கல் கொண்டுவந்தாலும் அதில் ஒரு சுவர் எழுப்பி, அந்த உலையின் வாயை நான் அடைக்க வேண்டும். உள்ளே தீ, வெளியே நாங்கள். தீ இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகிறதோ அதை வைத்துத் தரம் போடுவார்கள். முப்பது, அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது. நடுவில் படி கிடையாது.

2

முதல் வரிக்கு இவ்வளவு பாடுபட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"தீ என்பது ஒரு" (என்ன என்று தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

"அன்று காலை வானம் சிவந்திருந்தது." (பொய். கூடத்தில் ஜன்னலே கிடையாது.)

"என் மச்சான் பேராசை பிடித்தவன்." (இதைப் படித்ததும் மனைவி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.)

ஆகவே இப்படி: என் மச்சான் வைக்கோலை அழுத்திப் பலகை செய்கிறான்.

3

இந்த மச்சானைக் கதையில் எப்படி நிற்க வைப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. வில்லன் என்றால் மனைவி விடமாட்டாள். நல்லவன் என்றால் நானே நம்பமாட்டேன். அவனிடமே கேட்டேன்.

"எப்படி வேணா எழுதுங்க மாமா. கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க."

ஒல்லியான என் மச்சானுக்கு ஒரு சிறுபிள்ளைப் பள்ளியின் ஆர்டர் வந்தது. வகுப்புகளுக்கு நடுவே தடுப்புச் சுவர்கள். அறுபது நிமிடத் தரம் இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். வேறு ஆர்டர் எதுவும் கையில் இல்லை.

பலகை அவனுடையது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள ஜாயின்ட் என் கைவேலை. பலகை எரிந்தால் அவன் குற்றம். ஜாயின்ட் விட்டால், மச்சான் பட்டறையை மூடியவன் நான். அந்த வாரம் முழுக்க என் மனைவி எங்கள் இருவரையும் ஒரே மாதிரி முறைத்தாள்.

(நான் முறைக்கல. பார்த்தேன்.)

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சான் ஒரு டப்பாவோடு வந்தான். பளபளக்கும் நீல எண்ணெய் பெயின்ட்.

"எதுக்குடா?"

"நாலு பேர் வந்து பார்க்கப்போறாங்க மாமா. மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்?"

"பார்க்க வர்றது நெருப்பு."

சோதனை நடத்தும் பொறியாளர் அம்மாவிடம் கேட்டோம். "உங்க பொருள், உங்க இஷ்டம். எப்படி நிக்குதோ அப்படியேதான் கொளுத்துவேன், அப்படியேதான் எழுதுவேன்" என்றார். மச்சான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டான். ஜாயின்டுகள் வெளியே தெரியக் கூடாதென்று அங்கே மட்டும் இரண்டு பூச்சு கூடுதலாக அடித்தான்.

4

(இங்கே எழுத்தாளர்கள் தீயை வர்ணிப்பார்கள். எங்களுக்குத் தீ தெரியாது. நாங்கள் பார்ப்பது சுவரின் முதுகை. அரை மணிக்கும் மேலாக நீலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னவென்று வர்ணிப்பது?)

அரை மணி தாண்டியதும் மச்சான் என் கையைப் பிடித்தான். நாற்பதாவது நிமிடம் நடு ஜாயின்டில் பெயின்ட் கொப்புளித்தது. அடுத்து அந்த இடத்திலிருந்து ஒரு சிறு சுடர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அது பத்து விநாடி அணையாமல் நின்றால் சோதனை முடிந்தது என்று கணக்கு. மச்சான் வாயைக் குவித்துக்கொண்டு ஊதப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். சுடர் நின்றது. பொறியாளர் அம்மா கடிகாரத்தை நிறுத்தினார்.

"நாப்பத்தொண்ணு."

"ஜாயின்டா மேடம், பலகையா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"ரெண்டும் இல்ல. லேசாதான் அனல் கசிஞ்சது. அதுக்குத் தீனி போட்டது பெயின்ட்."

வீட்டில் சண்டை வராமல் காப்பாற்றிய அந்தப் பெயின்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

5

"நாப்பத்தொண்ணுன்னா எந்தத் தரம் மேடம்?"

"முப்பது."

"மிச்சம் பதினொண்ணு?"

"அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் மச்சான் அந்தப் பதினொன்றைப் பற்றியே பேசினான். அது அவனுக்குச் சேர வேண்டியது என்றான், அநியாயம் என்றான், முறையிடுவேன் என்றான். மறுநாள் கெஞ்சிப் பார்க்கலாம் என்று பள்ளிக்கே போனான். மத்தியானம். தலைமையாசிரியர் வரும்வரை வகுப்பு வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவன் கெஞ்சியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"முப்பது புள்ளைங்க மாமா. எல்லாம் பாயில தூங்குது. ஒரே ஒரு டீச்சரம்மா."

பட்டறைக்குப் போய், பலகையின் கனத்தைக் கூட்டினான். லாபத்தில் பாதி அதிலேயே போயிற்று. பள்ளியில் இன்னொரு வாய்ப்புத் தந்திருக்கிறார்கள். புதுச் சுவரை நேற்றுக் கட்டி முடித்தேன். நாளைக் காலை கொளுத்துவார்கள். இந்தத் தடவை அவன் கையில் டப்பா இல்லை.

6

முடிவுகள்.

மனைவி சொல்வது: சுவர் அறுபதைத் தாண்டுகிறது, தம்பி அழுகிறான், அக்காவைக் கும்பிடுகிறான். (கும்பிட வேணாம். போன் பண்ணா போதும்.)

மச்சான் சொல்வது: நூற்றிருபது. பொறியாளர் அம்மா தேநீர் வாங்கித் தருகிறார்.

நான் எழுதிப் பார்த்தது: ஐம்பத்தொன்பது. கதைக்கு அதுதான் நன்றாக இருக்கிறது. எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. அடித்துவிட்டேன்.

7

நாளை வரை பொறுத்து எழுதலாம்தான். ஆனால் நாளை நடப்பது சோதனை அறிக்கைக்குப் போய்விடும். அதை அந்த அம்மா என்னைவிட ஒழுங்காக எழுதுவார். எனவே முடிவை உங்களிடம் விடுகிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளுங்கள்.

என் மச்சானின் சுவர் ______ நிமிடம் நின்றது.

அவனுக்காகப் பாவம் பார்த்து எழுத வேண்டாம். ஒரு டீச்சரம்மா, தூங்குகிற முப்பது பேரை எழுப்பி, அழுகிறதைத் தூக்கி, ஒற்றைச் செருப்பைத் தேடி உள்ளே ஓடுகிறதைப் பிடித்து, வாசலில் நிறுத்தி எண்ணி, ஒன்று குறைந்தால் மறுபடி உள்ளே போய் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.