கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

குழந்தை பிறந்து பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. தாய் இன்னும் பார்க்கவில்லை. அவள் மூன்றாம் மாடியில். அறுவைக்குப் பிறகு நான்கு நாள் அசையக் கூடாது. ஏழு மாதத்தில் பிறந்த மகள் தரைத்தளத்தில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், ஒரு பெட்டிக்குள்.

செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தகப்பன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை அறுப்பவர். எடுத்த கையோடு படத்தைத் தள்ளும் பழைய கேமரா ஒன்றை முதலாளியிடம் இரவல் வாங்கி வந்தார்.

“ஃபிளாஷ் மட்டும் வேண்டாம் சார். பிள்ளைக்கு ஆகாது” என்றாள் சிஸ்டர்.

ஃபிளாஷை ஒட்டுத்தாளால் மூடினார்.

முதல் படத்தில் கண்ணாடிச் சுவரில் தெரிந்த குழல்விளக்கும் அவர் முகமும்தான் விழுந்திருந்தன. மனைவி படுத்தபடியே பார்த்தாள்.

“பொண்ணக் கேட்டா உங்க மூஞ்சியக் கொண்டு வந்திருக்கீங்க.”

“அவளும் இதே மூஞ்சிதான்.”

“ஐயோ பாவம்.” சிரித்தாள். தையல் இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கடையிலிருந்து போலரைஸ்டு வில்லை ஒன்றைக் கொண்டுவந்தார். தண்ணீரிலும் கண்ணாடியிலும் பட்டுத் தெறிக்கும் கூசும் வெளிச்சத்தை வெட்டும் வில்லை. நேராக நின்றால் பலிக்காது. சுவரோரம் சாய்ந்து நின்று, கண்ணருகே வைத்து மெல்லத் திருப்பினார். குழல்விளக்கு மறைந்தது. அதே சாய்வில் கேமராவின் முன் பிடித்தார்.

“என்ன சார், பூட்டா திறக்கறீங்க?”

“அப்படித்தான் சிஸ்டர்.”

படம் இருட்டாக வந்தது. ஒரு குல்லா, ஒரு கை தெரிந்தன.

“முகம்?” என்றாள் மனைவி.

“நாளைக்கு.”

மூன்றாம் நாள், நிறம் குறைந்த வில்லையோடு வந்தார். சிஸ்டர் கதவருகே காத்திருந்தாள். பத்து நிமிடம் முன்னால் மூச்சு நின்றுவிட்டது என்றாள். டாக்டர் எவ்வளவோ பார்த்தார் என்றாள்.

அவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்க சார். பக்கத்துல நின்னு எடுத்துக்கோங்க.” சற்றுப் பொறுத்து, “ஃபிளாஷ் போட்டுக்கலாம்” என்றாள்.

ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தார். குழாய்களை எடுத்திருந்தார்கள். உதடு அவர் மனைவியுடையது.

“அம்மாகிட்ட நான் வந்து சொல்லட்டுமா?”

“நானே சொல்லிடறேன்.”

படி ஏற ஏறப் படம் தெளிந்தது. முதலில் குல்லா. பிறகு புருவம். மூன்றாம் மாடியில் வாயும் வந்துவிட்டது. கட்டிலருகே போய் நின்றார்.

மனைவி கை நீட்டினாள். வாங்கி, வெகுநேரம் பார்த்தாள். கட்டைவிரலால் கன்னத்தைத் தடவினாள்.

“எப்படித் தூங்கறா பாருங்க” என்றாள். “நடுவுல கண்ணாடியே இல்லாத மாதிரி இருக்கே. எப்படிங்க எடுத்தீங்க?”