வயசுக்கு வரட்டும்

பதினாறு வயதிலும் பஸ்ஸில் எனக்கு அரை டிக்கெட்தான். கண்டக்டர் வயதைக் கேட்பதுகூடக் கிடையாது. தங்கை மேனகாவுக்குச் சிறிதாகிப்போன யூனிஃபார்மைத்தான் அக்காவான நான் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு எரிச்சலெல்லாம் அத்தையின் மேல்தான்.

எனக்குக் குடலில் புண். க்ரோன்ஸ் என்று பெயர். பத்து வயதிலிருந்து வயிற்றுவலி, ரத்தத்தோடு பேதி, முகத்தை ஊதவைத்து உயரத்தை நிறுத்துகிற மாத்திரை. பன்னிரண்டு வயதில் டாக்டரம்மா அப்பாவிடம் தெளிவாகத்தான் சொன்னார்.

"சுருங்கிப்போன குடலை வெட்டி எடுத்துட்டா சாப்பாடு உடம்புல ஒட்டும், பொண்ணு வளருவா. ஆனா வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே செஞ்சிடணும்."

அப்பா புருஷோத்தமன் கடலில் எந்தக் காற்றுக்கும் அஞ்சாதவர். வீட்டில் அவருடைய அக்கா தில்லையம்மாள் வாயைத் திறந்தால் பெட்டிப் பாம்பு. அம்மா இல்லாத எங்கள் வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

"வயசுக்கு வராத பொண்ணு வயித்துல கத்தி வெச்சா கர்ப்பப்பை கெட்டுப்பூடும்டா. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டியா? பெரிய மனுஷி ஆவட்டும், அப்புறம் வெட்டிக்கலாம்," என்றாள்.

நோய் தின்கிற உடம்பு எங்கே சீக்கிரம் வயதுக்கு வரும்? நான்கு வருடம் காத்திருந்தார்கள். போன மாதம்தான் வந்தேன். கனகசெட்டிக்குளம் முழுக்க என் படம் போட்ட பேனர். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, என்னைவிடக் கனமான பட்டுப்புடவையைச் சுற்றி உட்காரவைத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். இனி வெட்டுவார்கள், இனி வளர்வேன் என்று நம்பினேன்.

அப்பா, அத்தையோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"எலும்பு நுனியெல்லாம் மூடிக்கிட்டு வருது. இனிமே ஒண்ணு ரெண்டு அங்குலம் வளந்தாலே பெருசு. இப்பவும் ஆபரேஷன் பண்ணலாம், வலி குறையும், நல்லா சாப்பிடலாம். உயரம் மட்டும் வராதும்மா."

அங்கேயே அழுதேன். அழுது ஓய்ந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வலி போனாலே போதும்பா. நாளைக்கே சேத்துடு."

நிஜமாகவே அது போதும் என்றிருந்தது.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"உயரந்தான் இல்லன்னு ஆயிப்போச்சு. வயித்துல தழும்பும் இருந்தா இவள எவன்டா கட்டுவான்?"

அப்பா என் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"கல்யாணம் ஆவட்டும் டாக்டரம்மா. அப்புறம் கூட்டியாறோம்," என்றார்.